அழிக்கச் சொன்ன சுவர்

ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணி. வேலைக்குப் போன எங்களை மேற்பார்வையாளர் மெசினுக்கு அனுப்பாமல் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். இரவோடு இரவாக யாரோ கறுப்பு ஸ்பிரேயால் நீளக் கைகளோடு ஓர் உருவத்தைச் சுவரில் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். தமிழர் நாங்கள் நான்குபேர். எங்கள் கைகளில் பிரஷ்சும் மருந்து வாளியும் தரப்பட்டன. மத்தியானம்வரை உரஞ்சினோம். பூசாத கொங்கிறீற் சுவர் மையைக் குடித்துவிடும். நிறம் போனது, நிழல் போகவில்லை. வரைந்தவனை நாங்கள் திட்டாத திட்டில்லை.

எங்களில் ஒருவருடைய அக்காவின் மகள் இதைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "ஐயோ மாமா, அழிக்க முன்னம் ஒரு படம் எடுத்து வைச்சிருக்கலாமே!"

அவள் சூரிச்சில் திரைப்படக் கலை படிக்கிறாள். சினிமா என்றால் கதை, நடிகர், பாட்டு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவளும் கதைப்படம் எடுக்கவென்றுதான் போனவள். அனியெஸ் வார்டாவின் படங்களைப் பார்த்தபிறகு அவள் பேச்சு மாறியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சுவரோவியங்களைப் பற்றி 1981இல் ஒரு முழுநீள விவரணப்படம் தந்தவர் வார்டா. எண்பது வயதைத் தாண்டியபின், ஜேஆர் என்ற இளம் கலைஞரோடு பிரான்சின் கிராமங்களுக்குப் போனார். சாதாரண மனிதரின் புகைப்படங்களைப் பெரிதாக்கிச் சுவர்களில் ஒட்டி, அதைப் படமாக்கினார். 2017இல் வெளிவந்த அந்தப் படத்தில் தொழிற்சாலைத் தொழிலாளரும் இருக்கிறார்கள்.

அன்றுமுதல் சனி, ஞாயிறுகளில் பாலங்களுக்குக் கீழேயும் புகையிரதப் பாதையோரமும் கமராவோடு அவள் அலைகிறாள். அக்காவுக்கோ நித்திரையில்லை. காரணம் இல்லாமலில்லை. ஊரில் சுவரில் எழுதியவனைத் தேடி இராணுவம் வரும். சுவருக்குச் சொந்தக்காரனையும் ஏற்றிக்கொண்டு போகும். இங்கே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பொலிஸ் பதிவையும் பார்ப்பார்கள். ஒருநாள் விளையாட்டு, பலவருடக் காத்திருப்பைக் கெடுத்துவிடாதா?

ஒரு ஞாயிறு எங்களை அவள் சூரிச் பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் சுவருக்குக் கூட்டிப்போனாள். சில கறுப்புக் கோடுகளில் ஒரு நீர்மகள். பெயர் 'உண்டீனே'. வரைந்தவர் ஹரால்ட் நேகெலி. 1977இலிருந்து இரவுகளில் இந்நகரத்துச் சுவர்களில் நூற்றுக்கணக்கான உருவங்களை வரைந்தவர். 1979இல் பிடிபட்டார். 1981இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை. ஜேர்மனிக்குத் தப்பியோடினார், சர்வதேசப் பிடியாணை பிறந்தது. முன்னாள் ஜேர்மன் அதிபர் வில்லி பிராண்ட், எழுத்தாளர் ஹைன்ரிக் பொல் போன்றோர் அவருக்காகக் குரல் கொடுத்தனர். 1984இல் தானாகவே சரணடைந்து சிறை சென்றார்.

பிறகு நடந்ததுதான் எங்களை வாயடைக்க வைத்தது. 2004இல் சூரிச் மாநில அரசே அந்த நீர்மகளைப் பழுதுபார்த்துப் பாதுகாத்தது. 2020இல் நகரம் அவருக்குக் கலைப் பரிசு கொடுத்தது. 2021இல் அவரைப் பற்றி விவரணப்படமும் வந்தது. நாங்கள் அடைக்கலம் தேடி எல்லை தாண்டி வந்த நாட்டிலிருந்து, கோடு கீறியதற்காக ஒருவர் எல்லை தாண்டி ஓடியிருக்கிறார்!

ஆனாலும் நாங்கள் விடவில்லை. "சரி பிள்ளை, அவர் கலைஞர். அவருடைய நூற்றுக்கணக்கான உருவங்களை உரஞ்சி அழிச்சவன் ஆர்? அவன்ரை தோள்மூட்டு நோவு உன்ரை படத்தில வருமோ?"

அவள் பதில் சொல்லவில்லை. ரயிலிலும் பேசாமல் வந்தாள். இரண்டு கிழமை கழித்து, எங்கள் தொழிற்சாலை நிர்வாகத்துக்கு முறைப்படி அனுமதிக் கடிதம் எழுதியிருந்தாள். சுவரில் மிஞ்சிய நிழலையும், அதை உரஞ்சிய எங்கள் கைகளையும் படமெடுக்க வேண்டுமாம். அனுமதி கிடைத்தது. மருந்து பட்டு வெடித்த எங்கள் விரல்களை அவள் அரைமணி நேரம் படம் பிடித்தாள். இந்த நாட்டில் எங்கள் கைகளை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அக்காவின் பயம் முற்றாகப் போகவில்லை. நாங்களும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்: கையில் கமரா இருக்கட்டும்; அனுமதியில்லாத சுவரில் ஸ்பிரே வேண்டாம். அவளும் ஒத்துக்கொண்டாள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் சுவர் பார்த்துத் திரிந்தால் ஏசுமுன் ஒருதரம் கூடப்போய்ப் பாருங்கள். கேள்வியும் கேளுங்கள். எங்கள் கேள்விக்கும் அவளுடைய படத்தில் இடம் கிடைத்திருக்கிறது.