கைத்திறனும் கணிப்பொறியும்

‘கண்ணால் காண்பதும் பொய்’ என்பது பெரியோர் வாக்கு. திரையில் ஒரு பாடற் காட்சியைக் காணும்போது அவ்வாக்கின் உண்மை நமக்கு விளங்குகிறது. ஒருத்தியே இருவராய் நின்று பாடுகிறாள். மற்றொருத்தி மேகத்தின்மேல் நடக்கிறாள். இதற்கெல்லாம் மலைபோல் பணம் வேண்டும் என நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. திட்டம் இருந்தால் சிறு தொகையும் போதும். திட்டம் இல்லையேல் பெருந்தொகையும் போதாது.

இதற்குச் சான்று ஒன்று காண்போம். 1975-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் ‘குவீன்’ இசைக்குழுவினர் ‘பொஹீமியன் ராப்சடி’ என்னும் பாடலைப் படமாக்கினர். படப்பிடிப்பு ஏறக்குறைய 4 மணி நேரத்தில் முடிந்தது. செலவு சுமார் 4,500 பவுன். ஒரு முகம் பல முகங்களாகத் தோன்ற, பட்டை தீட்டிய கண்ணாடி வில்லையின் வழியே படம் எடுத்தனர். முகம் வரிசை வரிசையாக நீண்டு மறைய, காமிராவை அதன் காட்சியையே காட்டும் தொலைக்காட்சித் திரையின் பக்கம் திருப்பினர். எதிரெதிரே இரு நிலைக்கண்ணாடிகளை வைத்தால் உருவங்கள் முடிவின்றித் தெரியுமன்றோ? அதே விந்தைதான் இதுவும்!

இனி, திட்டமிடும் முறையைப் பார்ப்போம். முதலில் பாடலைப் பலமுறை கேட்டு, நொடிக்கணக்கில் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அக்காட்சியைச் சிறு படமாக வரைய வேண்டும். பின்னர் ஒவ்வொரு படத்தையும் நோக்கி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “இதைக் காமிராவின் முன்னே கையால் செய்ய இயலுமா, அல்லது கணிப்பொறிக்கு விடவேண்டுமா?”

காற்று, மழைத்துளி, நிழல், புகை ஆகியவற்றைக் கையால் செய்வதே நன்று. அவற்றின் ஒளியும் ஈரமும் பாடுபவரின் முகத்தில் இயல்பாகப் படியும். ஆனால் நெருப்பும் உடையும் கண்ணாடியும் வேண்டுமெனில் கணிப்பொறியே துணை. எந்தக் காட்சியும் ஓர் உயிரைவிடப் பெரிதன்று.

ஒருத்தியை இருவராக்குவது எளிது. காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒளியளவையும் மாறாதபடி வைத்து, அவளை முதலில் இடப்புறமும் பிறகு வலப்புறமும் பாடச்செய்து எடுக்கலாம். கணிப்பொறியில் இரு பாதிகளையும் இணைத்தால் இரட்டையர் தயார்! அவளோ அவள் நிழலோ நடுக்கோட்டைத் தாண்டலாகாது. சன்னல் வெளிச்சம் இடையில் மாறினாலும் ஒட்டு தெரிந்துவிடும்.

மேகத்தின்மேல் நடக்கப் பச்சைத் திரை வேண்டும். பச்சை நிறம் மனிதத் தோலின் நிறத்திலிருந்து வேறுபட்டு நிற்பதால், கணிப்பொறி அதை எளிதில் நீக்கிவிடுகிறது. திரை சுருக்கமின்றி, எங்கும் ஒரே சீரான ஒளியுடன் இருக்க வேண்டும். பச்சை ஒளி மேலே படாதபடி பாடுபவர் சில அடி முன்னே நிற்க வேண்டும். பச்சைப் பாவாடை உடுத்தினாலோ, அதுவும் மறைந்துபோகும்!

பாடலுக்கே உரிய தந்திரம் ஒன்றும் உண்டு. பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, நொடிக்கு 50 படங்களாக எடுத்து, 25 படங்களாக ஓட்டினால் கூந்தலும் உடையும் மெல்ல மிதக்கும். உதடுகள் மட்டும் பாட்டோடு பொருந்தும்.

கணிப்பொறி வேலைக்கு ‘பிளெண்டர்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் உழைப்பு இலவசமன்று. நொடிக்கு 25 படங்கள் எனில், 4 நொடிக் காட்சிக்கு 100 படங்கள். ‘அ-ஹா’ குழுவினரின் ‘டேக் ஆன் மீ’ பாடலுக்காக 1985-இல் வெளியான படத்தில் ஏறத்தாழ 3,000 படங்களைக் கையால் வரைய 16 வாரங்கள் ஆயின. ஆகவே இத்தகைய காட்சிகள் சிலவாகவும் குறுகியனவாகவும் இருத்தல் வேண்டும்.

“பிறகு கணிப்பொறியில் சரிசெய்துகொள்ளலாம்” என்னும் சொல் படப்பிடிப்பில் எளிதாக வரும். அங்கே பத்து நிமிடச் சோம்பல், பின்னர் ஒருவரின் பத்து இரவுத் தூக்கத்தைப் பறிக்கும். தோழியரே, ஒரு தாளும் பென்சிலும் கொண்டு முன்கூட்டியே சிந்திப்பது, பணத்தை மட்டுமன்று, நம்மோடு உழைப்பவரையும் காக்கும் செயலாகும்.