ஷேர் மார்க்கெட் பக்கமே போகலையா? உங்க பணத்துக்கும் நிலக்கரி ரிஸ்க் இருக்கு!

சம்பளத்துல மாசாமாசம் பி.எஃப். பிடிக்கிறாங்க. மிச்சத்துல ஒரு எஃப்.டி. போட்டு வச்சிருக்கீங்க. "நான் ஷேர் மார்க்கெட் பக்கமே போகல, எனக்கு ரிஸ்க்கே இல்ல"ன்னு நினைக்கிறீங்களா? அந்தப் பணம் எங்க போய் உட்காருதுன்னு ஒரு தடவை பார்த்துடலாம்.

நீங்க யாருக்குக் கடன் கொடுத்திருக்கீங்க?

முதலீட்டு விதிப்படி, பி.எஃப். அமைப்புக்குப் புதுசா வர்ற பணத்துல 45 முதல் 65 சதவீதம் அரசுக் கடன் பத்திரங்களுக்குப் போகுது. வங்கிகளுக்கும் எஸ்.எல்.ஆர்.னு ஒரு விதி இருக்கு. டெபாசிட்ல 18 சதவீதத்தைப் பாதுகாப்பான சொத்துகள்ல வைக்கணும். அதுல பெரும்பகுதி அரசுப் பத்திரம்தான். அதாவது, உங்களுக்கே தெரியாம நீங்க அரசுக்குக் கடன் கொடுத்திருக்கீங்க.

ரூபாயில வாங்கின கடனை இந்திய அரசு திருப்பித் தராமப் போற வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா பத்திரத்தோட விலை இறங்கலாம். உதாரணத்துக்கு, 7 சதவீத வட்டியில 100 ரூபாய்க்கு ஒரு 10 வருஷப் பத்திரம் இருக்குன்னு வச்சுக்குவோம். சந்தையில வட்டி 8 சதவீதம் ஆனா, பழைய பத்திரம் சுமார் 93 ரூபாய்க்குத்தான் போகும்.

இந்தக் கணக்குலதான் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மாட்டுச்சு. அது பணத்தைப் போட்டு வச்சிருந்தது அரசுப் பத்திரத்துலயும் வீட்டுக்கடன் பத்திரத்துலயும்தான். வட்டி ஏற ஏற அதோட விலை விழுந்துச்சு. 2023 மார்ச் மாசம் 180 கோடி டாலர் நஷ்டத்துக்கு வித்துட்டதா வங்கி சொன்னதும், மறுநாள் ஒரே நாள்ல 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் வந்துட்டாங்க. அதுக்கு அடுத்த நாள் வங்கியை மூடிட்டாங்க.

இதுல நிலக்கரி எங்க வருது?

2070-க்குள்ள 'நெட் ஜீரோ' ஆகணும்னு இந்தியா 2021-ல அறிவிச்சது. நம்ம மின்சாரத்துல 70 சதவீதத்துக்கும் மேல நிலக்கரியில இருந்துதான் வருது. அனல்மின் நிலையம் கட்ட வாங்கின கடன் பல வருஷம் ஓடும். நடுவுல சூரிய மின்சாரம் மலிவாகி அந்த நிலையம் பாதி நேரம் சும்மா நின்னா, கடனைக் கட்ட வருமானம் இருக்காது. இதைத்தான் 'டிரான்சிஷன் ரிஸ்க்'னு சொல்றாங்க. 2015-லயே பாங்க் ஆஃப் இங்கிலாந்து கவர்னர் மார்க் கார்னி இதைப் பத்தி எச்சரிச்சார்.

ஓடாத ஆலை வங்கியை என்ன பண்ணும்னு நாம ஏற்கனவே பார்த்தாச்சு. 34 அனல்மின் திட்டங்கள், சுமார் 40,000 மெகாவாட், ரூ.1.74 லட்சம் கோடி கடன் சிக்கல்ல இருக்குன்னு 2018-ல நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. அப்போ காரணம் பருவநிலை இல்ல. நிலக்கரி கிடைக்காதது, மின்சாரத்தை வாங்க ஒப்பந்தம் இல்லாததுன்னு வேற காரணங்கள். ஆனா வங்கிக்கு வந்து சேர்ந்தது வாராக்கடன்.

ரெண்டு ரிஸ்க்கும் ஒரே இடத்துல

மின்சாரம், ஸ்டீல்னு பல துறைகள்ல வாராக்கடன் குவிஞ்சதால, 2017 அக்டோபர்ல பொதுத்துறை வங்கிகளுக்கு ரூ.2.11 லட்சம் கோடி மூலதனத் திட்டத்தை அரசு அறிவிச்சது. அதுல ரூ.1.35 லட்சம் கோடி பத்திரம் மூலமா. அந்தப் பத்திரத்தை வாங்கினது யாரு? அதே வங்கிகள்தான்! வங்கி விழுந்தா அரசு கடன் வாங்கித் தூக்குது. அந்தக் கடன் பத்திரம் மறுபடி வங்கிக்கே வருது.

அடுத்த முறை அரசோட கையும் கொஞ்சம் கட்டியிருக்கலாம். பெட்ரோல், டீசல் மேல வர்ற வரி, மாநிலங்களுக்கு நிலக்கரியில வர்ற 14 சதவீத ராயல்டி, ரயில்வேயோட சரக்குல பாதி அளவுக்கு இருக்கிற நிலக்கரி எல்லாமே காலப்போக்குல குறையும். செலவு மட்டும் ஏறும். கடன் கூடினா வட்டி ஏறலாம், பத்திர விலை இறங்கலாம். அந்தப் பத்திரம் இருக்கிறது, மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்த அதே வங்கிகிட்ட.

நீங்க என்ன செய்யலாம்?

பயந்து பி.எஃப். பணத்தை எடுத்துடாதீங்க. இது நாளைக்கே நடக்கிற விஷயம் இல்ல. பி.எஃப்.ல இதோட தாக்கம் வருஷாவருஷம் அறிவிக்கிற வட்டியில தெரியும். 2015-16-ல 8.8 சதவீதமா இருந்தது, 2021-22-ல 8.1 வரைக்கும் இறங்குச்சு. அதனால ரிட்டயர்மென்ட் கணக்குல இன்னைய வட்டியை 30 வருஷத்துக்கும் அப்படியே போடாதீங்க.

டெபாசிட் காப்பீடு, ஒரு வங்கியில ஒருத்தருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான். அதுக்கு மேல இருந்தா வேற வங்கிக்குப் பிரிச்சு வைங்க.

டெட் ஃபண்ட் வச்சிருந்தா, ஃபேக்ட் ஷீட்ல 'மாடிஃபைட் டியூரேஷன்' எவ்வளவுன்னு பாருங்க. 7-னு இருந்தா, வட்டி 1 சதவீதம் ஏறும்போது மதிப்பு சுமார் 7 சதவீதம் இறங்கும். ரெண்டு வருஷத்துல கல்யாணத்துக்குத் தேவைப்படுற பணத்துக்கு இது சரியான இடம் இல்ல.

கூடுதல் வட்டிக்காக கம்பெனி பத்திரம் வாங்குறீங்களா? ரேட்டிங்கோட நிறுத்திடாதீங்க. பத்திரம் முடியற வருஷத்துல அந்தக் கம்பெனி எதை வித்துச் சம்பாதிக்கும்னு ஒரு கேள்வி கேளுங்க.