மின்னஞ்சலும் ஓர் அமானிதமே: சொந்த மெயில் சர்வர் வைப்போர் அறிய வேண்டியவை



சென்ற ஆண்டு கல்வி உதவி கேட்டு விண்ணப்பித்த மூன்று பிள்ளைகளின் வருமானச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் உரிய நேரத்தில் நம் கைக்கு வரவில்லை. நம் மின்னஞ்சல் கணக்கு, தொண்டு செய்துவந்த ஒரு தம்பியின் கைபேசி எண்ணில் தொடங்கப்பட்டிருந்தது. அவர் வேலைக்காக வளைகுடா சென்றார். எண் காலாவதியாகி, கணக்கும் பூட்டிக்கொண்டது. அவர்மீது குறையில்லை, மாற்று ஏற்பாடு செய்யாத தவறு நம்முடையது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் தகப்பனார் வட்டிக்கு வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டினார் என்று பின்னர் அறிந்து வெட்கப்பட்டோம்.

அதன் பிறகுதான் அலுவலகத்திலேயே சொந்த மெயில் சர்வர் வைத்தோம். வீட்டிலோ மதரஸாவிலோ வைக்க விரும்புவோருக்கு நம் அனுபவம் பயன்படட்டும்.

முதலில் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வேண்டும். அதை நிர்வாகியின் பெயரில் வாங்காமல் அறக்கட்டளையின் பெயரிலேயே வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டால் போதும். கடிதத்தை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததை நம் போனில் படிக்க டவ்காட். இரண்டும் இலவச மென்பொருள்களே.

அடுத்தது இணைய இணைப்பு. இங்குதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பல நிறுவனங்கள் ஒரே ஐ.பி. எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. ரூட்டரில் காட்டும் வெளி எண்ணும், இணையத்தில் தெரியும் உங்கள் எண்ணும் வேறுவேறாக இருந்தால் உங்களுடையதும் பகிர்ந்த எண்ணே. வெளியிலிருந்து கடிதம் அதன் வழியே நேரே வந்து சேராது. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான எண் வாங்க வேண்டும். கடிதம் வந்துசேரும் வாசலான 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவது எளிது, அனுப்புவதுதான் கடினம். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையில் யார் பெயரை இடலாம், யார் பெயரை இடக்கூடாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதி எழுதினார்கள்; பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. ஆனால் 1982இல் மின்னஞ்சலுக்கு விதி வகுத்தபோது அனுப்புகிறவர் யாரென்று சோதிக்க வழி வைக்கவில்லை. யார் பெயரிலும் யாரும் எழுத முடிந்தது. அதனால் பெருகிய மோசடியைத் தடுக்கப் பின்னால் மூன்று காவல்கள் வந்தன.

எஸ்.பி.எஃப். என்பது நம் பெயரில் அனுப்பத் தகுதியுள்ள சர்வர்களின் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்திலும் விழும் முத்திரை. டிமார்க் என்பது இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று நாம் தரும் அறிவுரை. மூன்றையும் டொமைன் பதிவில் எழுத வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இவற்றில் கண்டிப்புக் காட்டுகிறது. வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக வரும் கடிதங்களையே பல சர்வர்கள் ஏற்பதில்லை. ஆகவே வரும் கடிதத்தை நாமே வாங்குகிறோம். போகும் கடிதத்தை ஒரு ரிலே சேவை வழியாக அனுப்புகிறோம்.

கோளாறு வந்தால் பதற வேண்டாம். முதலில் லாக் பதிவைப் படியுங்கள். மறுமொழி எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வர் தானே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் மறுப்பு. காரணமும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். நம் கடிதங்கள் முதலில் ஸ்பேமில் விழுந்தன. ரிலே சேவையின் பெயரை எஸ்.பி.எஃப். பட்டியலில் சேர்க்க மறந்திருந்தோம். ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

கரண்ட் போனால் கடிதம் தொலைந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். தொலையாது. அனுப்பிய சர்வர் பொதுவாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். கடிதங்கள் திடீரென நின்றால் டிஸ்க் நிரம்பியதா, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் எவரும் நம் சர்வர் வழியே வெளியே அனுப்ப முடியாதபடி அடைத்து வையுங்கள். தவறினால் ஸ்பேம் அனுப்புவோர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். நம் முகவரியும் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

இத்தனையும் பார்க்க ஆளில்லையெனில், சொந்த டொமைனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மெயில் சேவைக்குக் கட்டணம் கட்டுவதே மேல். எந்த வழியானாலும் பாஸ்வேர்டு இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கட்டும்; வாரம் ஒரு முறை பேக்கப் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடும் கணக்குப் புத்தகத்தோடும் இதையும் எழுத்தில் ஒப்படையுங்கள். விதவைத் தாயின் மருத்துவச் சீட்டும் ஏழைப் பிள்ளையின் சான்றிதழும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன.

நேரில் பார்க்க விரும்புவோர் ஞாயிறு அஸ்ருக்குப் பின் அலுவலகம் வரலாம். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து காட்டித் தருகிறோம். வஸ்ஸலாம்.