யாருக்காக இந்தத் தொண்டு?



2010 ஆம் ஆண்டு, மீள்குடியேறியிருந்த ஒரு கிராமத்துக்கு எங்கள் சபை மாதர் சங்கத்திலிருந்து ஆறு பேர் போனோம். பால்மா, சவர்க்காரம், பிள்ளைகளுக்குக் கொப்பிகள் என்று பொதி கட்டிக்கொண்டு போயிருந்தோம். தறப்பாள் கொட்டில்களுக்கு முன்னால் தாய்மாரை வரிசையாக நிறுத்தி, ஜெபம் பண்ணி, ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது படமும் எடுத்தோம். ஒரு படம் சரியாக விழவில்லை. கொடுத்த பொதியைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தோம். வாங்கியது என் கைதான். அந்தத் தாய் கோபிக்கவில்லை. "முடிஞ்சுதெண்டால் சொல்லுங்கோ அக்கா, பிள்ளை பசியில அழுகிறான்" என்றாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாங்கள் அங்கே போனது ஆண்டவருக்காகவா, ஆண்டறிக்கைக்காகவா? தர்மம் செய்வதை ஊருக்குக் காட்டவேண்டாம் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் கற்பித்ததை ஞாயிறு பாடசாலையிலேயே படித்தவர்கள் நாங்கள்.

நோக்கத்தைச் சோதிப்பது என்றால் முதலில் மற்றவரின் நோக்கத்தைத்தான் சோதிக்கத் தோன்றும். இதற்கு நம் வடபகுதியிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். ஆங்கிலமும் விஞ்ஞானமும் கணிதமும் அங்கே படிப்பித்தார்கள். முப்பது வருடங்களின் பின் அமெரிக்காவிலிருந்து றூபஸ் அண்டர்சன் என்ற மிஷன் செயலாளர் வந்து பார்த்தார். மாணவர் ஆங்கிலம் படிப்பது ஊழியத்துக்காக அல்ல, அரசாங்க உத்தியோகத்துக்காக என்று கண்டார்கள். 1855 இல் செமினரி மூடப்பட்டது. பிள்ளைகளின் நோக்கம் சரியில்லை என்பதுதான் தீர்ப்பு. உத்தியோகம் பார்த்துத் தாய் தகப்பனைக் காப்பாற்ற நினைத்ததில் என்ன பாவம் என்று நான் கேட்பதுண்டு. அந்த இடத்தில் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பியதற்கு உள்ளூர் மக்களின் முயற்சியும் காரணம்.

அதே மிஷனில் இன்னொருவர் இருந்தார். வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் வந்தபோது வயது இருபத்தைந்து. மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே நம் பெடியன்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். அவருக்கும் அதே மனக்குறை வந்தது. ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் சம்பள உத்தியோகம் தேடி வெளியே போனார்கள், கிராமத்து நோயாளி அப்படியே கிடந்தான். ஆனால் கிறீன் படிப்பை நிறுத்தவில்லை. தான் படிப்பித்த விதத்தை மாற்றினார். 1860களில் வைத்தியப் படிப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலம்தான் இலகு, மதிப்பும் அதற்குத்தான். தமிழில் படிப்பிக்க நூல்கள் இல்லை, சொற்களும் இல்லை. அவற்றை அவரும் அவருடைய மாணவருமாக உண்டாக்கினார்கள். 'இரண வைத்தியம்' 1867 இலும், மனித உடலமைப்பைச் சொல்லும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் வெளிவந்தன. 1873 இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875 இல் வந்தது. 1884 இல் அமெரிக்காவில் இறந்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபது பேருக்கு மேல்.

கிறீனின் நோக்கம் பால்போல வெள்ளை என்று நான் சொல்லவரவில்லை. நோயாளிகள் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் தனக்கு வசதியான தொண்டு நோயாளிக்கு உதவவில்லை என்று கண்டபோது, மாறவேண்டியது தான்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறதே, "அவள் ரின்மீனுக்கு வேதத்துக்குப் போனவள்" என்று! 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகள் விடுதிப் பாடசாலை தொடங்கியபோதும் இதையே சொல்லியிருப்பார்கள். ஆரம்ப காலத்தில் அங்கே சாப்பாடும் உடுப்பும் கொடுத்தார்கள், கலியாணத்துக்குச் சீதனமும் கொடுத்தார்கள். அப்படித் தொடங்கிய பாடசாலைக்கு 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் நாற்பது வருடமளவில் ஒரு தடவையேனும் ஊருக்குப் போகாமல் தாய், மகள், பேர்த்தி என்று மூன்று தலைமுறைக்குப் படிப்பித்தார். பசித்து வந்தவள் ஏன் வந்தாள் என்று வயிறு நிறைந்தவர்கள் விசாரிப்பது எனக்கு ஒருபோதும் பிடிப்பதில்லை. கேள்வி கொடுப்பவளுக்கு உரியது. அவள் ஜெபத்துக்கு வராவிட்டாலும் அந்தப் பொதியைக் கொடுத்திருப்போமா?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றை ஒரு தாய் என்னிடம் கேட்டாள். 2009 மே மாதத்தில் மகனைக் கையளித்தவள். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டப் பந்தலில் பல நாள் இருந்தவள். விடிய எழும்பி ஆலயம் கூட்டுவாள், பூ வைப்பாள். "நான் அவன் வரவேணுமெண்டுதான் கூட்டுறன். இது ஆண்டவரோட பேரம் பேசுறது மாதிரியோ அக்கா?"

எனக்கு அன்னாளின் ஞாபகம் வந்தது. பிள்ளை வேண்டும் என்று ஆலயத்தில் அழுது பொருத்தனை பண்ணினவள் அவள். உதடு அசைந்ததைப் பார்த்த ஆசாரியன் ஏலி, வெறியில் இருக்கிறாள் என்று பிழையாக நினைத்தான். அவளுடைய வாயால் கேட்ட பிறகுதான் சமாதானத்தோடே போகச் சொன்னான். கடவுள் அவளைக் கோபிக்கவில்லை. இதைத்தான் அந்தத் தாய்க்குச் சொன்னேன். மகன் வருவான் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. கொஞ்ச நேரம் இருந்து தும்புத்தடியை நானும் பிடித்தேன்.

எங்கள் சங்கம் இப்போது பொதி கொடுக்கும்போது படம் எடுப்பதில்லை. இரண்டு பேராகப் போகிறோம், என்ன வேண்டும் என்று கேட்டபிறகே செய்கிறோம். போன மாதம் ஒரு வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், மருந்து எடுத்துக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்ல நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா!