கடைசியாக எப்போது இரை எடுத்தது?

பல்லேபொல வயலோரத்தில் இறக்கை துவண்டு கிடக்கும் குடுமிப் பாம்புக்கழுகு ஒன்றைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனால், அவர் இறக்கையின் உட்புற நாளத்தில் கொஞ்சம் இரத்தம் எடுப்பார். ஒரு கிலோ எடையுள்ள பறவையில் 10 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. அதற்கு முன் அவருக்குத் தெரியவேண்டிய விடயம் ஒன்று உண்டு: பறவை கடைசியாக எப்போது இரை எடுத்தது?

மனிதரின் சிறுநீரக நலத்தை யூரியா, கிரியேட்டினின் அளவுகள் காட்டும். பறவைகளோ புரதக் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் பழுதானால் யூரிக் அமிலம் இரத்தத்தில் தேங்கும். முற்றினால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் படியும்.

தெற்காசியாவின் பாறு கழுகுகள் இப்படித்தான் மடிந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992 முதல் 2007 வரை 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. காரணத்தைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளிப்படுத்தியது. சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பாறுகளைச் சோதித்தபோது, 25இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. மாடுகளுக்குப் போட்ட வலிநிவாரணி, மாடு இறந்தபின் இறைச்சி வழியே பாறுகளுக்குப் போனது. மருந்து உள்ளே சென்ற பாறுகளின் இரத்தத்தில் ஒரே நாளில் யூரிக் அமிலம் கிடுகிடுவென ஏறியது.

இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. மாற்றாக வந்த மெலோக்சிகாமைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தில் யூரிக் அமில அளவு அசையவில்லை. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காக மாறும் அசெக்ளோஃபெனாக்கும், கீட்டோபுரோஃபெனும் 2023இல் தடைசெய்யப்பட்டன. தென்னிந்தியாவில் எஞ்சிய பாறுகளுக்கு முக்கிய புகலிடமான நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் யூரிக் அமிலம் என்ற இதே அளவுகோல் ஏமாற்றவும் செய்யும். வயிறு நிறைய இறைச்சி தின்ற பைரி வல்லூறின் இரத்தத்தில், நோயே இல்லாமல், நோயுற்ற பறவைக்குரிய அளவுவரை யூரிக் அமிலம் ஏறுவதுண்டு.

இரத்தத்தைப் படிப்பதில் இன்னொரு சிரமமும் இருக்கிறது. பறவைகளின் சிவப்பணுக்களுக்குக் கரு உண்டு. மனித இரத்தத்துக்கான இயந்திரம் அவற்றை வெள்ளையணுக்கள் என்று எண்ணிவிடும். எனவே வெள்ளையணுக்களை நுண்காட்டியில் கண்ணால்தான் எண்ணவேண்டும். ஏஎஸ்டி நொதி உயர்ந்தால் ஈரலா, அடிபட்ட தசையா என்று பிரித்தறிய சிகே நொதியையும் பார்ப்பார்கள்.

பாம்புக்கழுகுக்கு யூரிக் அமிலம் கூடுதலாக வந்தால், ஒரு நாள் இரை கொடுக்காமல் மறுபடி சோதிப்பார்கள். அப்போதும் இறங்காவிட்டால் சிறுநீரகத்துக்கான சிகிச்சை தொடங்கும்.