இருளில் விழித்தெழும் இயந்திரம்

வீட்டிலே திடீரென மின்சாரம் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? தட்டுத்தடுமாறித் தீப்பெட்டியைத் தேடுகிறோம். மூலையிற் கிடக்கும் குப்பி விளக்கை ஏற்றுகிறோம். பின்பு மின்சாரம் வரும்வரை முற்றத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறோம். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட காலத்தில் இப்பழக்கம் நமக்கு நன்றாகவே கைவந்துவிட்டது. ஆனால், நடுக்கடலிலே செல்லும் கப்பலொன்றில் மின்சாரம் நின்றுவிட்டால் அங்குள்ளோர் என்ன செய்வர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? கடலோடும் பிள்ளையைப் பெற்ற தாய்மார் எண்ணியிருப்பர்.

இன்றைய கப்பலில் மின்சாரமின்றி நடைபெறும் காரியம் மிகச் சிலவே. பிரதான இயந்திரத்துக்கு எண்ணெயூட்டும் பம்பிகள், அதனைக் குளிர்விக்கும் பம்பிகள், சுக்கானைத் திருப்பும் பொறி, ராடர், வானொலி, தீயணைக்கும் பம்பி ஆகிய யாவும் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. மின்சாரம் அற்றுப்போனால் சிறிது நேரத்தில் பிரதான இயந்திரமும் நின்றுவிடும். எல்லாம் ஓய்ந்து, மீண்டும் இயக்குவதற்கும் சக்தியில்லாமற் கிடக்கும் கப்பலைக் கடற்பொறியியலாளர் ‘செத்த கப்பல்’ என்றே சொல்வர். ஆயிரக்கணக்கான தொன் எடையுள்ள அவ்விரும்புடலைக் காற்றும் நீரோட்டமும் தம் விருப்பப்படி இழுத்துச் செல்லும்.

இந்த வேளைக்கென்றே ஒவ்வொரு பெரிய கப்பலிலும் மேற்றளத்தில், தனியறையொன்றில், ஓர் இயந்திரம் காத்திருக்கின்றது. அதுதான் அவசர மின்பிறப்பாக்கி. கப்பலின் ஆயுளில் பெரும்பகுதியை அது சும்மாவே கழிக்கின்றது. ஆனால் அழைத்த கணத்தில் எழாவிட்டால் அதனால் யாதொரு பயனுமில்லை.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மூழ்கிய ‘ரைற்றானிக்’ கப்பலின் கதையை அறியாதார் இலர். அதன் மின்சாரக் கதையை அறிந்தோர் சிலரே. ஒவ்வொன்றும் 400 கிலோவாற்றுத் திறனுள்ள நான்கு மின்பிறப்பாக்கிகள் அக்கப்பலின் அடித்தட்டில் இருந்தன. அவற்றைவிட 30 கிலோவாற்றுத் திறனுள்ள இரு சிறு பிறப்பாக்கிகள் நீர்மட்டத்துக்கு மேலே, அவசரத்துக்கென வைக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவையும் கீழேயிருந்த கொதிகலன்களின் நீராவியாலேயே இயங்கவேண்டியிருந்தன. கொதிகலன் அறையை நீர் கொண்டால் மேலே இருப்பதும் ஓயத்தான் செய்யும். பனிமலையில் மோதிய பின் கப்பல் இரண்டு மணி நாற்பது நிமிட நேரம் மிதந்தது. ஏறக்குறைய இறுதிவரை விளக்குகள் எரிந்தன. அவ்வெளிச்சத்திலேதான் பெண்களும் குழந்தைகளும் படகுகளில் இறக்கப்பட்டனர். அவ்விளக்குகளை அணையவிடாது காத்த பொறியியலாளர்களுள் ஒருவரேனும் கரை திரும்பவில்லை.

அத்துயரின் விளைவாகவே 1914இல் கடலில் உயிர்க்காப்புக்கான முதற் சர்வதேச உடன்படிக்கை இலண்டனில் உருவாயிற்று. பலமுறை திருத்தப்பெற்று, 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கையாக அது இன்று வழங்கி வருகின்றது. அதன் விதிகளைப் படிப்போர்க்கு ரைற்றானிக்கின் பாடங்கள் அதிலே தெளிவாய்த் தென்படும். அவசர மின்சாரத்தின் மூலம் கப்பலின் தொடர்ச்சியான மேற்றளத்துக்கு மேலே இருத்தல் வேண்டும்; திறந்த தளத்திலிருந்து எளிதில் அதனை அணுகக்கூடியதாயிருத்தல் வேண்டும்; கீழேயுள்ள இயந்திர அறையில் தீயோ வெள்ளமோ புகுந்தாலும் அதற்குக் கேடு வரலாகாது. தனக்கென எண்ணெய்த் தாங்கியும் ஆளிப்பலகையும் அதற்கு உண்டு. கடல்நீர்ப் பம்பிகளை நம்பாமல், மோட்டார் வண்டியின் இயந்திரத்தைப் போலக் காற்றாடியைக் கொண்டே அது பெரும்பாலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. பிரதான மின்சாரம் நின்று 45 செக்கன்களுக்குள் அது தானே எழுந்து மின்சாரம் வழங்கவேண்டும். பிரயாணிகள் கப்பலில் 36 மணி நேரமும், சரக்குக் கப்பலில் 18 மணி நேரமும் அது தொடர்ந்து இயங்கவேண்டும். கப்பல் ஒரு பக்கமாக 22.5 பாகை சரிந்திருந்தாலும் இயங்கவேண்டுமென்பது விதி. அத்தகைய சரிவில் மனிதன் நிற்பதே அரிது!

இனி, அதனால் இயலாததையும் சொல்லிவிடுதல் முறையாகும். அவசர மின்பிறப்பாக்கி கப்பலைச் செலுத்தாது. 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் மெக்சிக்கோ வளைகுடாவில் ‘கார்ணிவல் ரயம்ப்’ என்னும் உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றியது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் நாட்கணக்காகக் கடலில் மிதந்து, இழுவைப் படகுகளின் துணையோடே கரை சேர்ந்தனர். அவசர மின்சாரம் இருந்தும் மலசலகூடங்கள் பல இயங்காமையால் அவர்கள் பட்ட அவதி சொல்லுந்தரமன்று.

நமக்கு இன்னும் அண்மையான கதை ‘டாலி’ என்னும் கொள்கலன் கப்பலினது. 2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி நள்ளிரவுக்குப் பின் அமெரிக்காவின் பால்ரிமோர்த் துறைமுகத்திலிருந்து அது புறப்பட்டது. அது வந்துகொண்டிருந்தது நமது கொழும்புக்கே. மாலுமிகளுள் இலங்கையர் ஒருவரும் இருந்தார். சில நிமிட நேரத்துள் இருமுறை அதன் மின்சாரம் அற்றது. பிரதான இயந்திரம் நின்றது. உந்துவிசிறி சுழலாதபோது சுக்கானுக்கும் வலு குன்றிவிடும். கப்பல் பாலத்தின் தூணில் மோதிற்று. பாலம் சரிந்து, அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்த அறுவர் மாண்டனர். முதலாவது மின்தடைக்குக் காரணம், முனையொன்றிற் சரியாகப் பொருந்தாது தளர்ந்திருந்த ஒரு கம்பியே என விசாரணையாளர் கண்டறிந்தனர். பாலத்தை எட்டுமுன் இருந்த அவகாசமோ நிமிடக் கணக்கே. எந்த அவசர இயந்திரமும் அந்நேரத்துள் அக்கப்பலை நிறுத்தியிராது.

வேறொரு வகைத் தவறும் உண்டு. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோத் தீவுக்கருகே பாறையில் மோதிய ‘கொஸ்ரா கொன்கோடியா’வில் அவசர மின்பிறப்பாக்கி எழுந்ததாயினும், இடைவிடாது மின்சாரம் வழங்க அதனால் இயலவில்லை. பற்றரிகளின் மங்கலான வெளிச்சமே எஞ்சியது. அவ்விபத்தில் 32 பேர் உயிரிழந்தனர்.

ஆகவே பராமரிப்பைப் பற்றிப் பேசுவோம். மாணவர்கள் சற்றுக் கவனித்துப் படிப்பார்களாக.

வாரந்தோறும் ஒருமுறை அவ்வியந்திரத்தை இயக்கிப் பார்ப்பது கப்பல்களில் வழக்கம். வெறுமனே பொத்தானை அமுக்கி, உறுமல் கேட்டதும் நிறுத்திவிடுதல் சோதனையாகாது. பிரதான ஆளிப்பலகையிலிருந்து வரும் இணைப்பைத் துண்டித்து, உண்மையான மின்தடை ஏற்பட்டதுபோலச் செய்து, கையில் கடிகாரத்தோடு செக்கன்களை எண்ணவேண்டும். இயந்திரம் எழுவதோடு மின்சாரம் விளக்குகளைச் சென்றடைவதும் காணப்படவேண்டும். சுமையேதுமின்றி நெடுநேரம் ஓட்டுவதும் தீமையே. எண்ணெய் முற்றாக எரியாமல் உள்ளே கரி படியும். இடைக்கிடை உரிய சுமையேற்றி ஓட்டினால் அக்கரி எரிந்துபோகும்.

இயந்திரத்தை எழுப்ப இரு வழிகள் உண்டு. ஒன்று பெரும்பாலும் பற்றரி. மற்றையது, கைப்பம்பியால் எண்ணெயை அமுக்கி வைக்கும் பொறியாகவோ, முறுக்கிய சுருள்வில்லாகவோ, அமுக்கிய காற்றாகவோ இருக்கலாம். ஒருமுறை ஏற்றிய சக்தி மூன்று முயற்சிகளுக்காவது போதுமாயிருத்தல் வேண்டும். பற்றரியின் அமிலத்தின் தன்னீர்ப்பை அளந்து பார்த்தல் அவசியம். முழுதாக மின்னேற்றிய ஈய பற்றரியில் அது ஏறத்தாழ 1.25 முதல் 1.28 வரை இருக்கும். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும். முனைகளில் பச்சை பூக்கவிடாமல் துடைத்து வாசலைன் பூசுவர். எமது வீட்டிலும் சிறு மின்பிறப்பாக்கி ஒன்றிருந்தது. மின்தடைக் காலம் வந்தபோது அது முனகவுமில்லை. ஈராண்டாக அதன் பற்றரியை நாம் திரும்பியும் பார்க்கவில்லை, குற்றம் எம்முடையதே.

எண்ணெய்த் தாங்கியிலே 18 மணி நேரத்துக்குரிய அளவைக் கோடிட்டு வைப்பர். எண்ணெய் அக்கோட்டின் கீழ் இறங்கலாகாது. நெடுநாட் கிடக்கும் எண்ணெயின் அடியில் நீர் சேரும். அந்நீரிலே நுண்ணுயிர்கள் பெருகிச் சளிபோலாகி வடிகளை அடைக்கும். எனவே அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை அடிக்கடி வடித்துவிடவேண்டும். வெப்ப நாட்டில் ஏற்றிய டீசலோடு குளிர்க்கடலுக்குச் சென்றால் அது மெழுகாய்த் தடிப்பதுமுண்டு. கப்பல்களின் ஏனைய எரிபொருள் 60 பாகை செல்சியசுக்குக் கீழே தீப்பற்றும் ஆவி விடலாகாதென்றிருக்க, இவ்வியந்திரத்துக்கு மாத்திரம் 43 பாகை வரை இடங்கொடுத்திருப்பது குளிரில் உறையாத மெல்லிய எண்ணெயை அது பயன்படுத்துவதற்காகவே.

அறையின் காற்றுக்கதவுகளை மறந்துவிடலாகாது. தீயணைப்புக்காக மூடத்தக்கனவாய் அமைந்த அவ்விரும்பு மடல்கள் உப்புக்காற்றிலே துருப்பிடித்து இறுகிவிடும். மூடியபடி இறுகினால் இயந்திரம் மூச்சுத்திணறிச் சூடேறி நின்றுவிடும். திறந்தபடி இறுகினாலோ தீ வேளையில் ஆபத்து.

இவை எல்லாம் செய்தும் இயந்திரம் எழாமற் போவதற்கு மிக எளிய காரணமொன்று உண்டு. சோதனைக்கென ஆளியைக் ‘கையால்’ என்ற நிலைக்குத் திருப்பியவர், வேலை முடிந்ததும் அதனை மீண்டும் ‘தானாக’ என்ற நிலைக்கு வைக்க மறந்துவிடுவார். துறைமுகங்களில் கப்பலேறும் பரிசோதகர், அவ்வறைக்குட் சென்றால் இயந்திரத்தை விடுத்து முதலில் அந்த ஆளியையே பார்ப்பதுண்டு. பின்பு, எதிரே நிற்கும் இளம் பொறியியலாளரிடம் இயந்திரத்தை இரண்டாவது வழியால் எழுப்பிக் காட்டும்படி கேட்பார். சுவரிலே ஒட்டிய அறிவுறுத்தலை வாசித்துக்கொண்டு தடுமாறுவோரும் உளர். நன்கு நடத்தப்படும் கப்பல்களில், புதிதாய் வந்து சேரும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே அவ்வறைக்கு அழைத்துச் சென்று, விளக்கை அணைத்துவிட்டு, கையில் ரோச் விளக்கொன்றை மாத்திரம் கொடுத்து, அவரையே அதனை எழுப்பச் சொல்வார்கள்.