கேள்வி கேட்கும் சபை

1996ஆம் ஆண்டின் முற்பகுதியில், நைஜீரியாவில் மூளையுறைக் காய்ச்சல் பரவி, அவ்வாண்டில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்ட வேளையில், கானோ நகரத்துத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அமெரிக்க மருந்து நிறுவனமான ஃபைசரின் குழு ஒன்று வந்து சேர்ந்தது. சுமார் 200 குழந்தைகளில் பாதிப் பேருக்கு டிரோவாஃப்ளாக்சசின் என்ற புதிய மருந்தும், மற்றப் பாதிப் பேருக்கு வழக்கிலிருந்த செஃப்ட்ரையாக்சோனும் அளிக்கப்பட்டன. முன்னவர்களில் 5 பேரும் பின்னவர்களில் 6 பேரும் இறந்தனர். அவை நோயால் நேர்ந்த மரணங்களே என்று நிறுவனம் சாதித்தது. கானோ மாநில அரசு தொடுத்த வழக்கு, 2009இல் 7.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

இவ்விவகாரத்தில் நெஞ்சை உறுத்தும் சாட்சியம் ஒரு கடிதம். ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு அனுமதி அளித்ததாக, 1996 மார்ச் 28 என்று தேதியிட்டு, மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில் அது எழுதப்பட்டிருந்தது. அத்தேதியில் அங்கே அப்படியொரு குழுவே இல்லை என்பதும், கடிதம் பிற்காலத்தில் தயாரிக்கப்பட்டது என்பதும் பத்திரிகை விசாரணையில் வெளிவந்தன.

விதிகளுக்கு அன்று பஞ்சமில்லை. பரிசோதனைக்கு உட்படுவோரின் சுதந்திரமான சம்மதம் இன்றியமையாதது என்று 1947இலேயே நியூரம்பர்க் நீதிமன்றம் கூறிவிட்டது. சுயேச்சையான குழு ஒன்று ஆராய்ச்சியை முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும் என்று 1975இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம் வலியுறுத்தியது. அவ்விதிகளைக் கையில் ஏந்தி, வந்த விஞ்ஞானிகளை நிறுத்தி வினவத்தக்க பயிற்சியும் அதிகாரமும் பெற்ற உள்ளூர் மனிதர்கள்தாம் கானோவில் இல்லை.

அக்குறையை நைஜீரியா படிப்படியாக நிவர்த்தி செய்யத் தொடங்கியது. 2005இல் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அமைந்தது. 2007இல் தேசிய நெறிமுறைத் தொகுப்பு வெளியாயிற்று. 2014இன் தேசியச் சுகாதாரச் சட்டம் அக்குழுவுக்குச் சட்டபலம் தந்தது. அமெரிக்காவின் ஃபோகார்ட்டி மையம் 2000 முதல் வளரும் நாடுகளில் ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சிக்கு வழங்கிய நிதியின் துணையோடு, இபாதான் பல்கலைக்கழகத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றும் வேரூன்றியது.

அப்பயிற்சி எதைக் கற்பிக்கிறது? சம்மதப் படிவம் ஒன்று மேசைக்கு வந்தால், அதில் கையொப்பத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், எழுத்தறியாத தாய்க்கு அதை ஹௌசா மொழியில் வாசித்துக் காட்டுபவர் யார், கைரேகைக்குச் சாட்சி யார், மறுத்தாலும் தன் பிள்ளைக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்கும் என்பதை அவள் உண்மையாகவே அறிந்தாளா என்றெல்லாம் வினவக் கற்பிக்கிறது. கானோவில் அதே மருத்துவமனை வளாகத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் குளோராம்ஃபெனிக்கால் கொடுத்து இலவசமாகச் சிகிச்சை செய்துகொண்டிருந்தனர். அதைத் தங்களுக்கு எவரும் சொல்லவில்லை என்பதும், ஒப்பீட்டுக்குத் தந்த மருந்தின் அளவு குறைக்கப்பட்டது என்பதும் பெற்றோர் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகள். பயிற்சி பெற்ற ஒருவர் அன்று இருந்திருந்தால், முதல் அமர்விலேயே எழுந்திருக்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆயினும் பயிற்சி மாத்திரம் போதாது. பல நாடுகளில் குழு உறுப்பினர்கள் ஊதியமின்றி, நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய நேரத்தில், தம் மேலதிகாரியின் ஆராய்ச்சித் திட்டத்தையே எடைபோட வேண்டியிருக்கிறது. அனுமதி தந்தபின் களத்துக்குச் சென்று பார்க்க அவர்களுக்கு வாகனமும் இல்லை, ஆளும் இல்லை. கொள்ளைநோய் வந்தபின் அவசரமாகக் கூட்டப்படும் சபையால் நிதானமாகச் சிந்திக்க இயலாதாகையால், நோயற்ற காலத்திலேயே அது நிலைபெற்று இயங்க வேண்டும்.

இத்தகைய பரிசீலனையை விஞ்ஞானத்துக்கு இடப்படும் தடை என்று எண்ணுவது பெரும் பிழை. 2003இல் கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியபோது, மக்களின் அவநம்பிக்கைக்கு 1996இன் நினைவும் ஒரு காரணம் என்று பலர் கருதினர். அதன் விளைவாக, போலியோ ஒழிந்திருந்த வேறு நாடுகளுக்கும் அக்கிருமி மீண்டும் பரவிற்று. ஆகவே, ஏழை நாடுகளில் ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்குவோர், ஆய்வுக்கூடத்துக்கும் கருவிகளுக்கும் ஒதுக்குவதுபோலவே, அந்நாட்டின் பரிசீலனைக் குழுவுக்கும் அதன் சுயேச்சைக்கும் ஒரு பங்கை ஒதுக்குவதைத் தர்மமாக அன்றிக் கடமையாகவே கொள்ள வேண்டும்.